ஹாஸ்டல் வசதி உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து உங்கள் பத்திரிகையைப் பிரித்தால் செய்தி வருவதற்குள் மூன்று நான்கு பக்கம் பிள்ளைகளின் போட்டோதான். 590-க்கு மேல் இத்தனை பேர், நீட்டில் இத்தனை பேர், கீழே சின்ன எழுத்தில் 'மாணவ மாணவியருக்குத் தனித்தனி ஹாஸ்டல் வசதி உண்டு'. மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று ரேங்க் அறிவிப்பதை அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது, ஆனால் விளம்பரங்களுக்கு அந்த விஷயம் இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. விளம்பரம் போடாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. பத்திரிகை நடத்தப் பணம் வேண்டும், புரிகிறது. அந்தச் சின்ன எழுத்து வரிக்குள் என்ன நடக்கிறது என்று ஒரே ஒரு பக்கமாவது நீங்கள் எழுதலாமே என்பதுதான் என் குறை.

நான் சேலம் மாவட்டத்தில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்ஸ். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை ஹாஸ்டலில் இருந்து படித்தவள். ராசிபுரம், திருச்செங்கோடு, நாமக்கல் பக்கம் தனியார் பள்ளிகள் ஒன்றைப் பார்த்து ஒன்று விடுதி கட்டிப் பெருகிய காலத்தில் அங்கே போய்ச் சேர்ந்த பிள்ளைகளில் நானும் ஒருத்தி. பள்ளியின் பெயர் வேண்டாம். அதைவிட மோசமானவையும் இருந்தன, நல்லவையும் இருந்தன. கோழிப்பண்ணை ஊர் என்பதால் 'பிராய்லர் பள்ளி' என்று ஜனங்கள் பேர் வைத்தார்கள், பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தைத் தொடாமல் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு வருஷம் ஊட்டியதால் வந்த பேர். அதைத் தடுக்கத்தான் 2017-18-ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள், இப்போது அதையும் எடுத்தாகிவிட்டது. படிப்பைப் பற்றி எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், நான் எழுத வந்தது உடம்பைப் பற்றி.

ஹாஸ்டல் நம் ஊரில் எப்போது செய்தியாகிறது என்று யோசித்துப் பாருங்கள். சாம்பாரில் பல்லி விழுந்து பிள்ளைகளை ஜி.ஹெச்.சில் சேர்க்கும்போது, யாராவது சுவர் ஏறிக் குதித்து ஓடும்போது, அப்புறம் யாராவது இறந்துபோகும்போது. 2022 ஜூலையில் கள்ளக்குறிச்சி மாவட்டம் கனியாமூரில் ஒரு மாணவி இறந்து, கலவரம் நடந்து, பள்ளி பேருந்துகள் எல்லாம் எரிந்த பிறகுதான் அங்கே விடுதி நடத்த முறையான அனுமதியே இல்லை என்று குழந்தைகள் உரிமை ஆணையத்தினர் சொன்னார்கள். பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதி எதுவானாலும் பதிவு செய்து உரிமம் வாங்க வேண்டும் என்று 2014-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. எட்டு வருஷம் அது என்ன செய்துகொண்டிருந்தது என்று கொஞ்ச நாள் எல்லோரும் கேட்டோம், அப்புறம் அடுத்த வருஷ அட்மிஷன் வந்தது, விட்டுவிட்டோம்.

இதெல்லாம் செய்தியாவது நியாயம்தான். ஆனால் செத்துப்போகாத, ஓடிப்போகாத, வயிற்றுப்போக்கு வராத லட்சக்கணக்கான பிள்ளைகள் ஆறு ஏழு வருஷம் அங்கே இருந்துவிட்டு நல்ல மார்க்கோடு வெளியே வருகிறார்களே, அவர்கள் உடம்பில் அந்த வருஷங்கள் எங்கே போய் உட்காருகின்றன என்று யாரும் கேட்பதில்லை. நான் வேலையில் கேட்டுப் பார்க்கிறேன். மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு பி.பி., சுகர் பார்க்க வருகிறவர்களின் வரிசையில் முப்பத்தைந்து, நாற்பது வயசுக்காரர்கள் நிறைய தெரிய ஆரம்பித்தார்கள். அப்பா அம்மாவுக்குச் சுகர் இருந்ததா, சிகரெட் உண்டா, தூக்கம் எப்படி என்று கேட்போம். 'நீங்க ஹாஸ்டல்லயா படிச்சீங்க' என்பது எந்த ஃபாரத்திலும் கிடையாது. சும்மா பேச்சுவாக்கில் நான் கேட்டால் பாதிப் பேர் சிரிக்கிறார்கள், சிலர் பேச ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை. பி.பி. வந்ததற்கு ஹாஸ்டல்தான் காரணம் என்று இதை வைத்து நான் சொல்லவில்லை, ஒரு நர்ஸ் வரிசையில் நின்றவர்களிடம் பேசியதை ஆராய்ச்சி என்று யாரும் ஏற்க மாட்டார்கள். ஆனால் உலகத்தில் ஆராய்ச்சி செய்தவர்களும் இருக்கிறார்கள், அதையும் சொல்கிறேன்.

முதலில் தூக்கம். எங்கள் ஹாஸ்டலில் விடிகாலை நாலரைக்கு பெல். அஞ்சு மணிக்கு ஸ்டடி. ராத்திரி சாப்பாடு முடிந்து மறுபடி ஸ்டடி, பத்தரை வரைக்கும், பரீட்சை சமயத்தில் பதினொன்றரை. ஸ்டடி ஹாலில் நீளமாக வரிசையாக உட்கார்ந்திருப்போம், பிரம்போடு மேடம் நடந்துகொண்டே இருப்பார், தலை சாய்ந்தால் எழுந்து நின்று படிக்க வேண்டும், நின்றபடியே தூங்கினால் வெளியே போய் முகம் கழுவிவிட்டு வர வேண்டும். கன்னத்தில் கையை ஊன்றி, கண்ணைத் திறந்தபடியே, உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு தூங்கும் வித்தையைச் சீனியர் அக்காக்கள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த வித்தை எங்கள் பேட்சில் எல்லோருக்கும் தெரியும். இப்போது நிலைமை மாறியிருக்கும் என்று நினைப்பீர்கள். நீட் வந்த பிறகு இது கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை, டைம்டேபிளை அவர்களே பெருமையாக நோட்டீஸில் அச்சடிக்கிறார்கள், வாங்கிப் பாருங்கள்.

6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வரை 8 முதல் 10 மணி நேரமும் தூங்க வேண்டும் என்று அமெரிக்காவின் தூக்க மருத்துவ அகாடமி 2016-ல் சொன்னது. பருவ வயதில் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பதே ராத்திரியில் தாமதமாகிவிடும், அதனால் சீக்கிரம் தூக்கம் வராது, விடிகாலையில்தான் அசந்து தூங்குவார்கள். சரியாக அந்த நேரத்தில்தான் பெல் அடிக்கிறோம். வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரப்பது ஆழ்ந்த தூக்கத்தில். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1999-ல் ஆரோக்கியமான 11 இளைஞர்களை ஆறு ராத்திரி வெறும் நாலு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தார்கள். ரத்தத்தில் ஏறிய சர்க்கரையை உடம்பு இறக்கும் வேகம் குறைந்துபோனது, சாயங்காலம் குறைய வேண்டிய கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் குறையாமல் நின்றது. நன்றாகத் தூங்கவிட்டதும் சரியாகிவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அது ஆறு ராத்திரி. நம் பிள்ளைகளுக்கு ஏழு வருஷம், அதுவும் வளர்கிற வயசில். வெளியே வந்த பிறகும் என் கூடப் படித்த பலருக்கு ராத்திரி சீக்கிரம் படுத்தால் ஏதோ தப்புப் பண்ணுகிற மாதிரி இருக்கிறது என்கிறார்கள், நாலரைக்குத் தானாக முழிப்பு வருகிறது, எழுந்து செய்ய ஒன்றுமில்லை.

அடுத்து நான் சொல்லப்போவது பேப்பரில் போடுகிற விஷயமா என்று முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். கக்கூஸ். காலையில் அத்தனை பெண்களுக்கும் சேர்த்து நாலைந்துதான், அதில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இருக்காது, இன்னொன்றில் தண்ணீர் வராது. பக்கெட்டை வரிசையில் வைத்து இடம் பிடிப்போம். அஞ்சு மணி ஸ்டடிக்கு லேட்டானால் ஃபைன் என்பதால் பலர் அடக்கிக்கொண்டே போய்விடுவார்கள். ராத்திரி என்றால் நீள வராண்டாவைத் தாண்டி, லைட் எரியாத மூலைக்குப் போக வேண்டும், துணைக்கு ஒருத்தியை எழுப்ப வேண்டும், அவள் திட்டுவாள். அதனால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தண்ணீரே குடிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டோம். மாதவிடாய் நாட்களில் நாப்கின் மாற்றப் பகலில் ரூமைத் திறக்க மாட்டார்கள், சாயங்காலம் வரைக்கும் அதே தான்.

தண்ணீர் குடிக்காமல், வந்ததை அடக்கி வைத்தால் என்ன ஆகும் என்று எந்த நர்ஸையும் கேளுங்கள். நீர்க்கடுப்பு, சிறுநீர்த் தொற்று, அது திரும்பத் திரும்ப வந்து சிறுநீரகம் வரைக்கும் ஏறுவது, கல் அடைப்பு, மலச்சிக்கல், மூலம். முழுசாகப் போகாமல் பாதியில் எழுந்துவிடும் பழக்கம் ஒருமுறை பிடித்துவிட்டால் சிறுநீர்ப்பை அதற்கே பழகிவிடும், கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் மாறாது. இன்னமும் பஸ்ஸில் எங்காவது போக வேண்டுமென்றால் முந்தின ராத்திரியே தண்ணீரை நிறுத்திவிடும் பெண்கள் எனக்குத் தெரிந்து எத்தனை பேர்! கேரளாவில் 2019-ல் பள்ளிகளில் தண்ணீர் குடிக்க நினைவூட்ட மணி அடிக்க ஆரம்பித்தார்கள், நம் பள்ளிகளுக்கும் அது வந்தது. நல்ல விஷயம். உள்ளே போன தண்ணீர் வெளியே போக இடம் இருக்கிறதா என்பதற்கும் ஒரு மணி அடித்தால் தேவலை.

இதைவிட எனக்கு அதிகம் பயம் தருவது தொண்டை வலி. சிரிக்காதீர்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் வருகிற தொண்டை வலி ஐந்திலிருந்து பதினைந்து வயசுப் பிள்ளைகளைத்தான் அதிகம் பிடிக்கும், நெருக்கமாகப் படுக்கும் இடங்களில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு வேகமாகப் பரவும். ஹாஸ்டலில் கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒரு ட்ரங்க் பெட்டி போகிற இடம்தான் இருக்கும். ஒரு பிள்ளை இருமினால் அந்த வரிசை முழுக்க இருமும். தொண்டை வலி ஆரம்பித்து ஒன்பது நாளுக்குள் பென்சிலின் வகை மருந்து சரியாகக் கொடுத்துவிட்டால் பிரச்சினை அநேகமாக அதோடு தீர்ந்தது. கொடுக்காவிட்டால் சில பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து ருமாட்டிக் காய்ச்சல் வரும், முட்டி வீங்கும், அந்த வீக்கம் தானாக வற்றியும் போய்விடும். ஆனால் அதற்குள் இருதய வால்வில் கை வைத்திருக்கும். வால்வு கெட்டது வெளியே தெரிய பத்து இருபது வருஷம் ஆகலாம்.

எங்கள் நிலையத்துக்குக் கர்ப்பிணிப் பரிசோதனைக்கு வந்த ஒரு பெண்ணுக்கு ஐந்தாம் மாதத்தில் மூச்சு வாங்கியது. ரத்தசோகை என்றுதான் முதலில் நினைத்தோம், மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பி எக்கோ என்ற இருதய ஸ்கேன் எடுத்தால் வால்வு சுருங்கியிருந்தது. சின்ன வயசில் முட்டி வீங்கியிருக்கிறதா என்று டாக்டர் கேட்டதற்கு, 'ஆமா, ஏழாவதுல ஹாஸ்டல்ல இருக்கும்போது, வளர்ற வயசு அப்படித்தான் வலிக்கும்னு வார்டன் சொன்னாங்க' என்றாள். வீட்டில் இருந்திருந்தாலும் வந்திருக்கலாம், இல்லை என்று யார் சொன்னது. ஆனால் வீட்டில் ஒரு அம்மா இருப்பாள், பிள்ளை நொண்டுவதைப் பார்ப்பாள், ரெண்டு நாள் பார்த்துவிட்டு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவாள். ஹாஸ்டலில் சிக் ரூம் என்று ஒன்று இருக்கும், ஒரு கட்டில், ஒரு டப்பாவில் பாராசிட்டமால், வயிற்றுவலிக்கு ஒரு மாத்திரை, எதற்கு எது என்று முடிவு செய்வது வார்டனோ சமையல்காரம்மாவோ. சிக் ரூமுக்குப் போனால் 'நடிக்கிறா' என்ற பேர் வேறு. அந்தப் பேருக்குப் பயந்தே காய்ச்சலோடு ஸ்டடியில் உட்காருவோம். உடம்பு சொல்வதை நம்பாமல் இருக்க ஏழு வருஷம் பயிற்சி கொடுத்தால், நாற்பது வயசில் நெஞ்சு வலித்தாலும் 'கேஸா இருக்கும்' என்று ரெண்டு நாள் தள்ளிப்போட்டுவிட்டு வருகிறார்கள்.

இங்கே அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு சங்கதி உண்டு. 2013-லிருந்து ஆர்.பி.எஸ்.கே. என்ற திட்டத்தில் டாக்டரும் நர்ஸும் உள்ள நடமாடும் குழு அங்கன்வாடிகளுக்கும் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் போய்ப் பிறந்ததிலிருந்து 18 வயது வரை உள்ள பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது. இருதயத்தில் சத்தம் கேட்டால், கண் பார்வை குறைந்திருந்தால், ரத்தசோகை இருந்தால் அங்கேயே பிடித்துவிடுவார்கள். வாராவாரம் இரும்புச்சத்து மாத்திரையும் அந்தப் பள்ளிகளில்தான். லட்ச ரூபாய் கட்டிப் படிக்கும் தனியார் ரெசிடென்ஷியல் பள்ளிப் பிள்ளைக்கு இது எதுவும் கிடையாது, பணம் கட்டுகிறவர்கள் தாங்களே பார்த்துக்கொள்வார்கள் என்று அரசு நினைக்கிறது, பணம் வாங்குகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு. அது ஏழை வீட்டுப் பெண்களுக்கு மட்டும் வருவது என்று யாராவது நினைத்தால் ஒரு ஹாஸ்டல் மெஸ்ஸில் போய் நின்று தட்டைப் பார்க்கட்டும்.

சாப்பாட்டைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை, எல்லோரும் சொல்வதுதான். வரிசையில் நின்று தட்டு வாங்கி, பத்து நிமிஷத்தில் முடித்து, தட்டைக் கழுவிவிட்டு ஓட வேண்டும். அவசர அவசரமாக விழுங்கும் பழக்கம் இன்றுவரை போகவில்லை, என் வீட்டில் எல்லோரும் முதல் சோறு பிசையும்போது நான் மோர் சோற்றுக்கு வந்திருப்பேன். அரசு விடுதிகளின் கதை வேறு. அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கான உணவுப்படி மாதம் 1000 ரூபாயிலிருந்து 1400 ஆனதே 2023-ல்தான், நாளைக்கு 47 ரூபாய்கூட வரவில்லை, முட்டையும் காயும் பருப்பும் அதற்குள் வர வேண்டும். 'சமூகநீதி விடுதிகள்' என்று 2025-ல் பெயர் மாற்றினார்கள், பெயர் நன்றாகத்தான் இருக்கிறது.

வளர்கிற வயசுப் பட்டினி பின்னால் என்ன செய்யும் என்பதற்குக் கனடாவின் கதை ஒன்று உண்டு. நம் ஹாஸ்டல்களை அதோடு ஒப்பிடவே கூடாது, அது வேறு கொடுமை. அங்கே பூர்வகுடிப் பிள்ளைகள் சுமார் ஒன்றரை லட்சம் பேரைப் பெற்றோரிடமிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் போட்டார்கள், 1990களில்தான் கடைசிப் பள்ளி மூடியது. அந்தப் பிள்ளைகள் அரைப்பட்டினியில் இருப்பது தெரிந்தும், 1942-லிருந்து 1952 வரை அதையே வசதியாக வைத்து அரசாங்கமே சத்துணவுச் சோதனைகள் நடத்தியதை இயன் மாஸ்பி என்ற வரலாற்று ஆய்வாளர் 2013-ல் வெளியே கொண்டுவந்தார். பூர்வகுடி மக்களிடம் இன்றைக்குச் சர்க்கரை நோயும் பருமனும் இவ்வளவு அதிகமாக இருப்பதற்கு அந்தப் பள்ளிப் பட்டினியும் ஒரு காரணம் என்று அவரும் இன்னொரு ஆய்வாளரும் 2017-ல் எழுதினார்கள்.

சரி, தூக்கம், தண்ணீர், கக்கூஸ், சாப்பாடு எல்லாம் சரியாக இருக்கிற ஹாஸ்டல் என்றால்? அப்படியும் இருக்கின்றன. அங்கேயும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது, அம்மா அப்பாவை விட்டுப் பிரிவது மட்டுமே உடம்பை ஏதாவது செய்யுமா என்று. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் ஃபின்லாந்து தன் குழந்தைகளில் சுமார் 70,000 பேரைக் கழுத்தில் பேர் அட்டை கட்டி ஸ்வீடனுக்கு அனுப்பி வைத்தது. பெரும்பாலோர் போனது குடும்பங்களுக்கு, குண்டு விழவில்லை, சாப்பாடும் சொந்த ஊரைவிட மேல். ஹெல்சிங்கியில் 1934 முதல் 1944 வரை பிறந்தவர்களை ஆயுசு முழுக்கத் தொடர்ந்து கவனிக்கும் ஒரு ஆய்வில், அறுபது வயதைத் தாண்டியபோது, அப்படி அனுப்பப்பட்டவர்களுக்கு வீட்டிலேயே இருந்தவர்களைவிட இருதய நோயும் சர்க்கரையும் அதிகமாக இருந்தன, மனச்சோர்வும் அதிகம். பத்திரமான இடத்தில் இருந்தவர்களுக்கு! அவர்களில் பலர் ரொம்பச் சின்னக் குழந்தைகள், போர் வேறு, அதனால் பன்னிரண்டு வயசில் ராசிபுரத்துக்குப் போவதும் அதுவும் ஒன்று என்று சொல்ல முடியாது. ஆனால் ஆறாம் வகுப்பிலேயே, அதற்கும் முன்னால் மூன்றாவது நான்காவதிலேயே சேர்க்கிறார்களே, அந்தப் பிள்ளைகளைப் பற்றி யோசிக்க இது போதும் என்று நினைக்கிறேன்.

இங்கிலாந்தில் பணக்கார வீட்டுப் பிள்ளைகளை ஏழு எட்டு வயசிலேயே போர்டிங் பள்ளிக்கு அனுப்புவது தலைமுறை தலைமுறையாக வழக்கம். அதில் வளர்ந்து பெரியவர்களான பிறகும் மனசு மரத்துப்போய், நெருங்கிப் பழக முடியாமல், காரணம் தெரியாத சோர்வோடு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து ஜாய் ஷேவரியன் என்ற உளச்சிகிச்சையாளர் 2011-ல் இதற்கு 'போர்டிங் ஸ்கூல் சிண்ட்ரோம்' என்று பெயரிட்டார். எனக்கு இதில் கவனிக்கத் தோன்றியது ஒன்றுதான். அங்கேயும் அவர்கள் வாய் திறக்காததற்குக் காரணம், இவ்வளவு செலவு பண்ணிப் படிக்க வைத்தவர்களைக் குறை சொல்வதா என்ற கூச்சம். நம் வீடுகளில் அது இன்னும் ஜாஸ்தி. நிலத்தை அடமானம் வைத்து ஃபீஸ் கட்டின அப்பாவிடம் போய் எனக்கு அங்கே பிடிக்கவில்லை என்று எந்தப் பிள்ளை சொல்லும். மாதம் ஒரு ஞாயிறு பெற்றோர் வரும் நாள். வேப்பமரத்தடியில் பாயை விரித்து, டிபன் கேரியரைத் திறந்து, புளிசாதமும் கறியும் போட்டுக்கொடுத்து, 'நல்லா இருக்கியாடா சாமி' என்று கேட்பார்கள். வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு தலையை ஆட்டுவோம். நாலு மணிக்கு கேட்டைச் சாத்திய பிறகு பாத்ரூம் பக்கம் போனால் ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் குழாயைத் திறந்துவிட்டு அழுகிற சத்தம் கேட்கும். மறுநாள் காலையில் வயிற்றுவலி என்று சிக் ரூம் வாசலில் கூட்டம். வார்டனுக்கு அது கறிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாத வயிற்றுவலி.

ஃபோன் விஷயத்தை இங்கே சொல்லியே ஆக வேண்டும். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 2010-ல் 7 முதல் 12 வயது வரை உள்ள 61 சிறுமிகளை, தெரியாத ஆட்கள் முன்னால் பேசவும் கணக்குப் போடவும் வைத்துப் பதற்றப்படுத்திவிட்டு, சிலரை அம்மாவிடம் விட்டார்கள், சிலரை அம்மாவோடு ஃபோனில் பேசவிட்டார்கள், சிலருக்கு ஒரு படம் போட்டுக் காட்டினார்கள். ஃபோனில் குரலைக் கேட்டவர்களுக்கும், அம்மா பக்கத்தில் வந்து கட்டிக்கொண்டவர்களுக்கும் கார்டிசால் ஏறக்குறைய ஒரே மாதிரி இறங்கியது. இரண்டு வருஷம் கழித்து அதே ஆட்கள் மெசேஜ் அனுப்பவிட்டுப் பார்த்தார்கள், அதில் இறங்கவில்லை. குரல்தான் வேண்டும். நம் ஹாஸ்டல்களில் வாரத்துக்கு ஒருமுறை, வார்டன் பக்கத்தில் நிற்க, ஸ்பீக்கர் போட்டு, அஞ்சு நிமிஷம். பின்னால் முப்பது பேர் வரிசையில். அதையும் டெஸ்ட்டில் மார்க் குறைந்தால் கட் பண்ணுகிறார்கள். செல்ஃபோனைப் பிள்ளை கையில் கொடுக்கச் சொல்லவில்லை, ஒரு லேண்ட்லைன் போதும், யாரும் ஒட்டுக்கேட்காத இடத்தில்.

நாங்களும் ஹாஸ்டல்லதான் படிச்சோம், நல்லாத்தானே இருக்கோம் என்று எழுதப்போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், எனக்கும் அது தெரியும். எங்கள் ஊரில் பெண்பிள்ளையைப் பத்தாவதோடு நிறுத்திவிடுவார்கள், ஹாஸ்டல் இல்லையென்றால் நான் நர்ஸ் ஆகியிருக்க மாட்டேன். மலைக்கிராமத்துப் பிள்ளைக்கும், செங்கல் சூளைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைக்கும், குடித்துவிட்டு அடிக்கும் அப்பா உள்ள பிள்ளைக்கும் விடுதிதான் மூணு வேளைச் சோறும் பாதுகாப்பும். கலிஃபோர்னியாவில் 17,000 பேருக்கு மேல் வைத்து நடத்தி 1998-லிருந்து வெளியான பிரபலமான ஆய்வு, சின்ன வயசில் பட்ட அடிகளுக்கும் நடுவயசு நோய்களுக்கும் உள்ள தொடர்பைக் காட்டியது. அது கேட்டது பெரும்பாலும் வீட்டுக்குள் நடப்பதைத்தான், அடி, குடி, சண்டை. அதில் ஹாஸ்டல் என்று ஒரு கேள்வி கிடையாது. வீடு என்றாலே நல்லது, விடுதி என்றாலே கெட்டது என்று சொல்ல நான் என்ன முட்டாளா. எல்லா விடுதியையும் மூடச் சொல்லவும் இல்லை. நல்லாத்தானே இருக்கோம் என்கிறவர்கள் ஒரு தடவை பி.பி. பார்த்துவிட்டுச் சொன்னால் போதும்.

நான் கேட்பதில் பெரிய செலவு எதுவும் இல்லை. உரிமம் கொடுக்கும்போது கட்டடத்தையும் கேமராவையும் பார்க்கிறீர்கள், சரி, கூடவே டைம்டேபிளையும் பாருங்கள், விளக்கணைக்கும் நேரத்துக்கும் பெல் அடிக்கும் நேரத்துக்கும் நடுவில் எட்டு மணி நேரம் இல்லையென்றால் உரிமம் இல்லை என்று சொல்லுங்கள், அடுத்த நாளே எல்லா ஹாஸ்டலிலும் கடிகாரம் சரியாகிவிடும். எத்தனை பிள்ளைக்கு ஒரு கக்கூஸ் என்பதை எண்ணுங்கள், தாழ்ப்பாள் இருப்பதை மட்டும் கணக்கில் எடுங்கள். ஆர்.பி.எஸ்.கே. வண்டி அந்தத் தனியார் பள்ளி வாசலைத் தாண்டித்தான் அரசுப் பள்ளிக்குப் போகிறது, வருஷத்துக்கு ஒரு நாள் உள்ளேயும் திரும்பட்டும், அதற்கான செலவை அந்தப் பள்ளியே கட்டட்டும். நூறு பிள்ளைகளுக்கு மேல் தங்கும் இடத்தில் பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருவர் ராத்திரியும் இருக்க வேண்டும். எங்கள் படிப்பு முடித்துவிட்டு எத்தனையோ பெண்கள் எட்டாயிரத்துக்கும் பத்தாயிரத்துக்கும் தனியார் ஆஸ்பத்திரிகளில் அல்லாடிக்கொண்டிருக்கிறார்கள், ஆள் கிடைக்காது என்று யாரும் சொல்ல முடியாது. பத்தாம் வகுப்புக்குக் கீழே உள்ள பிள்ளைகளை ஹாஸ்டலில் சேர்க்கத்தான் வேண்டுமா என்பது தனி விவாதம், என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன், என் வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார், அவர் அரசு விடுதியில் வளர்ந்தவர்.

பெற்றோருக்கு ஒன்று சொல்லலாம். அட்மிஷனுக்குப் போகிற அன்று ஆபீஸ் ரூமில் ஏசியில் உட்கார வைத்து ரிசல்ட் ஆல்பம் காட்டுவார்கள். பார்த்துவிட்டு, ஹாஸ்டல் கக்கூஸை ஒரு தடவை காட்டுங்கள் என்று கேளுங்கள். பிள்ளைகள் இருக்கும் நேரத்தில் உள்ளே விடுவதில்லை என்று சொன்னால் பிள்ளைகள் இல்லாத நேரத்தில் வருகிறோம் என்று சொல்லுங்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு என் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தால் யார் எழுந்திருப்பார், வண்டி எது, எந்த ஆஸ்பத்திரி என்று பேரோடு கேளுங்கள். அவர்கள் திணறுவதிலேயே பாதி தெரிந்துவிடும்.

உங்களிடம் கேட்பது இதுதான். உங்களுக்கு எல்லா மாவட்டத்திலும் நிருபர்கள் இருக்கிறார்கள். 2014 சட்டப்படி எந்தெந்தப் பள்ளி விடுதிகள் உரிமம் வாங்கியிருக்கின்றன என்று ஒவ்வொரு கலெக்டர் ஆபீஸிலும் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுக் கேளுங்கள். பதில் வர முப்பது நாள் ஆகும், கொடுக்காவிட்டால் அதையே செய்தியாகப் போடுங்கள். நாமக்கல், சேலம், ஈரோடு, கிருஷ்ணகிரி, கள்ளக்குறிச்சி என்று மாவட்டவாரியாக அந்தப் பட்டியலை வெளியிட்டால் நூற்றுக்கணக்கான பெற்றோர் வெட்டி வைத்துக்கொள்வார்கள். விளம்பரம் கொடுக்கும் பள்ளியின் பேர் அதில் இல்லாமல் போனாலும் வெளியிட வேண்டும். அடுத்த வருஷ அட்மிஷன் ஜனவரியிலேயே ஆரம்பித்துவிடும், அதற்கு முன்னால் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு செவிலியர்,
சேலம் மாவட்டம்.

(அரசு வேலையில் இருப்பதால் பெயர் வெளியிட வேண்டாம்.)